கதாநாயகியின் சுருக்குப்பை

ஆரணிக்கு நான் போனது ஒரு கல்யாணத்துக்கு. முகூர்த்தம் முடிந்து, சாப்பாடும் முடிந்து, பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. உள்ளூர் நண்பர் ஒருவர், "சும்மா உட்கார்ந்திருப்பானேன், தறி பார்க்கலாம் வாரும்" என்று ஒரு நெசவாளர் தெருவுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு திண்ணையில் ராட்டையும் கையுமாகத் தார் சுற்றிக்கொண்டிருந்த வயதான அம்மாள் ஒருவரிடம், "இவர்தான் கதை எழுதுகிறவர்" என்று என்னை அறிமுகம் செய்து வைத்தார். இம்மாதிரி சமயங்களில் எழுத்தாளனுக்கு ஓர் அசட்டுப் புன்னகை வந்துவிடும். எனக்கும் வந்தது.

அந்த அம்மாள் புன்னகை செய்யவில்லை. ராட்டையை நிறுத்தாமலே, "நெசவுக்காரன் பொண்டாட்டி தாலிச் சங்கிலியைக் கழட்டிக் குடுக்கிற கதை, அது நீங்க எழுதினதா தம்பி?" என்று கேட்டார்.

நான் எழுதியதுதான். பல வருஷங்களுக்கு முன் ஒரு வார இதழில் வந்தது. முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தைத் தீர்க்க முடியாமல் கணவன் தவிக்கிறான், மனைவி தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மஞ்சள் கயிற்றோடு வாசலில் விளக்கேற்றி நிற்கிறாள், அவன் கண் கலங்குகிறது, கதை முடிகிறது. கண்ணீர் விட்டதாக வாசகர்கள் எழுதிய கடிதங்களை நான் வெகு நாள் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன்.

"பேத்தி படிச்சுக் காட்டினா. நல்லாத்தான் கீது. ஆனா அந்தச் சங்கிலிய எங்க வெச்சான்? அடகுச் சீட்டு யாரு பேர்ல? அப்புறம் அத யாரு மூட்டாங்க?"

எனக்குத் தெரியவில்லை. கதையை எழுதியவனுக்கே தெரியவில்லை என்பதுதான் விசேஷம். கழுத்திலிருந்து சங்கிலி இறங்கியதோடு அதன் சரித்திரம் முடிந்துவிட்டதாக நினைத்திருந்தேன். அந்த அம்மாளுக்கோ அது அங்கேதான் ஆரம்பமாகிறது.

பஸ்ஸில் திரும்பும்போது தொடங்கிய யோசனை, வீட்டுக்கு வந்து பழைய புத்தகங்களைப் புரட்டியபோதும் விடவில்லை. நம் கதைகளில் பெண்கள் அழுகிறார்கள், காதலிக்கிறார்கள், தியாகம் செய்கிறார்கள், சமீப காலமாகப் புரட்சியும் செய்கிறார்கள். அவர்கள் பணத்தை எண்ணிப் பார்த்து நான் அதிகம் படித்ததில்லை. எண்ணினாலும் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்பதை ஆசிரியர் ஒரு வாக்கியத்தில் தாண்டிப் போய்விடுகிறார்.

விலக்கு இல்லாமல் இல்லை. புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' 1934-ல் வந்தது. அதைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் கற்பைப் பற்றியே பேசித் தீர்த்தார்கள். நான் இந்த முறை படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அம்மாளு சம்பாதிக்காதவள் அல்ல. மில்லில் கூலி வேலை செய்கிறவள். கணவனுக்குக் கஞ்சி வேண்டிய இரவில் அவள் கையில் காசு இல்லாததற்குக் காரணம், கூலி போடும் நாள் இன்னும் வரவில்லை. அவ்வளவுதான். உழைத்த பணம் மில்லில் இருக்கிறது. பசி வீட்டில் இருக்கிறது. நடுவில் உள்ள அந்த ஓரிரு நாட்களில்தான் முக்கால் ரூபாய்க் கதை நடக்கிறது. புதுமைப்பித்தன் இதை விளக்கிக்கொண்டு நிற்கவில்லை. சம்பளத் தேதியைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். அறநெறி பேசிய நாம்தான் கணக்கைக் கவனிக்காமல் விட்டோம்.

நடுத்தரக் குடும்பத்துப் பெண் என்றால் உடனே நினைவுக்கு வருவது கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974). ரித்விக் கட்டக்கின் வங்காளப் படமான 'மேக தாக தாரா' (1960) அதற்கு முன்னோடி என்பார்கள். இரண்டிலும் ஒரு பெண்ணின் சம்பளத்தில் ஒரு குடும்பம் நிற்கிறது. கவிதாவை எனக்குப் பிடிக்கும். கறாரானவள், கணக்குக் கேட்கிறவள், குடிகார அண்ணனுக்குக்கூட அவளிடம் பயம் உண்டு. ஆனால் இத்தனை வருஷம் உழைத்த அவள் பெயரில் ஒரு சேமிப்புப் புத்தகம் இருந்ததா? படம் அதைக் கேட்பதில்லை. முடிவில் அவள் மறுபடி ஆபீசுக்குப் போகும்போது நாம் கைக்குட்டையை எடுக்கிறோம். சம்பாத்தியம் என்பது ஒன்று, பணம் தன்னுடையதாக இருப்பது என்பது வேறொன்று. முன்னது கவிதாவிடம் ஏராளமாக இருந்தது.

வர்ஜீனியா வுல்ஃப் 1929-ல் எழுதிய புத்தகத்தை நம் எழுத்தாளர்களும் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். பெண்ணுக்கு எழுதத் தனி அறை வேண்டும் என்று அவர் சொன்னாராம். அவர் அறையோடு வருஷத்துக்கு ஐந்நூறு பவுனும் கேட்டார். புத்தகத்தில் கதை சொல்லும் பெண்ணுக்கு அந்தப் பணம் பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்த ஓர் அத்தையின் சொத்தாக வருகிறது. அறையை நாம் ஞாபகம் வைத்துக்கொண்டோம்; ஐந்நூறு பவுனைச் சௌகரியமாக மறந்துவிட்டோம். நம்மூரில் அத்தை யாரும் குதிரை ஏறாததால், வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925-ல் 'ஜகன்மோகினி'யைத் தாமே ஏற்று, 1960-ல் காலமாகும் வரை அதையே தம் மேடையாக வைத்துக்கொண்டார். அவர் நாவல்களின் தரத்தைப் பற்றி நாம் நிறையச் சிரித்திருக்கிறோம். எழுதிய கையே பத்திரிகையின் வரவு செலவையும் பார்த்தது என்பதை யாராவது உட்கார்ந்து எழுதியிருக்கலாம்.

ஆரணிக்குத் திரும்புவோம். தறி வீட்டுப் பெண்ணின் வேலை என்ன என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். விடியுமுன் பாவு தெருவில் நீளும்போது அதன் ஒரு முனையைப் பிடிப்பாள். பழைய பாவு தீர்ந்தால், அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் ஓர் இழையை விரலால் முறுக்கிப் பிணைப்பாள், ஆயிரக்கணக்கான இழைகள். ஊடைக்குத் தார் சுற்றுவாள். கோர்வைச் சேலையானால் கரையின் நாடாவைத் தள்ளப் பக்கத்தில் உட்காருவாள். நடுவில் சோறு வடிப்பாள். சேலை முடிந்ததும் கூலி யார் பெயரில்? முதலாளியின் நோட்டில் இருக்கிற பெயரில். கூட்டுறவுச் சங்கமானால் உறுப்பினர் பெயரில். சேமிப்புப் பிடித்தமும் அந்தப் பெயரில்தான்.

2019-20-ல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு, இந்தியா முழுவதிலும் நெசவாளர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள் என்று சொல்கிறது. வடகிழக்கு மாநிலங்களில் பெண்களே தறியில் உட்காருவது இதற்கு முக்கிய காரணம். நம் பக்கத்துப் பட்டுத் தறியில் அவள் பெரும்பாலும் தறிக்கு வெளியே இருக்கிறாள். அதனால் அவள் செய்வதற்குப் பெயர் உழைப்பு அல்ல, ஒத்தாசை. நாவலாசிரியர்களும் அப்படியே எழுதிவிட்டோம். 'காஞ்சிவரம்' படத்தில் (2008) மகளின் கல்யாணப் புடவைக்காக நெசவாளி ஒருவன் பட்டிழையை வாயில் ஒளித்துக்கொண்டு வருகிறான். பிரகாஷ்ராஜுக்கு அதற்காகத் தேசிய விருது கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான். ஆனால் கொட்டகையை விட்டு வெளியே வரும்போது நம் நினைவில் நிற்பது அப்பனின் வாய்க்குள் இருந்த பட்டு. அந்தப் பட்டைச் சுற்றிய கைகள் அல்ல.

ராஜம் கிருஷ்ணனை இந்த இடத்தில் கும்பிடத் தோன்றுகிறது. 'கரிப்பு மணிகள்' (1979) எழுதத் தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய், அங்குள்ளவர்களிடம் பேசித் தெரிந்துகொண்டு எழுதினார். கலை நயம் குறைவு, தகவல் அதிகம் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. நானும் இளமையில் அப்படி ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அந்தத் 'தகவல்'தான் உப்பளத்துப் பெண்ணின் கூலியும் கடனும் கங்காணியின் தயவும் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. இன்று வெட்கமாக இருக்கிறது.

சட்டம் கதைகளை விட வேகமாகவே போயிருக்கிறது. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம், பெண்ணின் கைக்கு வந்த சொத்து முழுக்க அவளுடையதே என்றது. 1989-ல் தமிழ்நாடு, குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. 2005-ல் தேசம் முழுவதும் அது வந்தது. நம் தொடர்கதைகளில் மட்டும், பாகம் கேட்கிற நாத்தனார் இன்னும் வில்லியாகவே இருக்கிறாள். வேண்டாம் என்று கையெழுத்துப் போடுகிறவள் கதாநாயகி.

அந்த அம்மாளின் கதையை நான் எழுதியிருந்தால் எங்கே ஆரம்பித்திருப்பேன்? ஒரு நாள் அவருக்கு ஒரு விஷயம் புலப்பட்டதாம். தன் வீட்டுத் தாரைச் சுற்றினால் காசு இல்லை. அடுத்த வீட்டுத் தாரைச் சுற்றினால் காசு. மூன்று வீடுகளுக்குச் சுற்ற ஆரம்பித்தார். முதலில் வீட்டில் சண்டை. "நம்ம ஊட்டுத் தார?" என்று கணவர் கேட்டாராம். "அதுக்கும் கூலி போடு, சுத்தறேன்" என்றாராம் இவர். சொல்லும்போது ராட்டை ஒரு நொடி நின்றது. அந்த இரண்டு மணி நேரத்தில் அது நின்றது அப்போதுதான். தனியாக ஒரு நோட்டு போட்டார். மாதா மாதம் வீட்டுக்கே வந்து வசூலிக்கும் தபால் ஆபீஸ் ஏஜெண்டு அம்மாளிடம் கொஞ்சம் கட்டினார். ஐந்து வருஷத்தில் அது முதிர்ந்தபோது மகள் கல்யாணத்துக்கு என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் பாதியை மறுபடி கட்டிவிட்டார்.

இதற்கு நடுவில் ஒரு விசித்திரமும் உண்டு. 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இந்தத் தெருவுக்கும் வந்தன. நல்ல காரியம், கந்துவட்டிக்காரனிடமிருந்து பலரைக் காப்பாற்றியது. அதன் பின்னாலேயே வாரத் தவணைக் கம்பெனிகளும் வந்தன. கடன் பெண் பெயரில். பணம் தறிக்கு, மகனின் பைக்குக்கு, மைத்துனனின் அவசரத்துக்கு. தவணை நாளில் வாசலில் வந்து நிற்கிறவன் கூப்பிடுவது இவள் பெயரைத்தான். கூலி அவன் பெயரில், கடன் இவள் பெயரில் என்று ஆகிவிட்டது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது ஆயிரம் ரூபாய் நேராகத் தன் கணக்குக்கே வந்ததில் அந்த அம்மாளுக்குச் சந்தோஷம். "ஆனா மெசேஜ் பையன் போன்லதான் தம்பி வரும். எனக்கு முன்னாடி அவனுக்குத் தெரிஞ்சுடும்" என்றார். பின்னால் பேத்தியைக் கூட்டிக்கொண்டு பாங்கிக்குப் போய் நம்பரை மாற்றியிருக்கிறார்.

சென்ற மாதம் என் சிறுகதைகளைத் தொகுக்க முன்வந்த பதிப்பாளர், அந்தச் சங்கிலிக் கதையை முதலில் வைக்கலாம் என்றார். ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன்: அடகுச் சீட்டு யார் பெயரில் என்று. அவள் பெயரில் என்று எழுதினேன். எழுதியதும் வட்டி கட்டும் தேதி வந்தது. தேதி வந்ததும் அவள் நாலு வீட்டுத் தாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கடைசிக் காட்சியில் வாசலில் விளக்கோடு நிற்க அவளுக்கு ஒழியவில்லை. எத்தனை முறை அடித்து எழுதியும் அவளை எழுப்பி நிறுத்த முடியவில்லை. பதிப்பாளரிடம் வேறு கதையைக் கொடுத்திருக்கிறேன்.