கேளாத் தீர்ப்பு: சிலப்பதிகாரத்தின் இரு களவு வழக்குகளும் சட்ட உதவியும்

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைத் தமிழர் நீதிநெறியின் உச்சமாகக் காட்டுவது நம் ஆய்வுலகின் நெடுநாள் வழக்கம். தவறு உணர்ந்த அளவில் உயிர்நீத்த பாண்டியன் நெடுஞ்செழியன் அவ்வாசிப்பில் ஏறத்தாழ நாயகனாகவே நிற்கிறான். இது பிழையன்று, ஆயினும் குறையுடையது. காப்பியத்தின் நீதிச் சிந்தனையைத் தேடவேண்டிய இடம் அரசவையன்று, அதற்கு முற்பட்ட கொலைக்களக் காதையே என்பது நம் கருத்து.

அங்கு நிகழ்வன யாவை? பொற்கொல்லன் குற்றம் சாட்டுகிறான். அரசியின் ஊடல் தீர்க்க விரையும் மன்னன், வழியிலேயே ஆணையிட்டுவிடுகிறான். காவலரைக் கோவலனிடம் அழைத்துவரும் பொற்கொல்லன், இவர்கள் சிலம்பைக் காண வந்தவர்கள் என்றே அவனிடம் கூறுகிறான். காவலரோ தோற்றத்தைக் கண்டு, இவன் கள்வன் அல்லன் என ஐயுறுகின்றனர். கள்வர்க்குத் துணையாகும் எண்வகைக் கருவிகளை விரித்துரைத்து அவ்வையத்தைப் பொற்கொல்லன் கரைக்கிறான். தான் கண்ட கள்வன் ஒருவனின் திறத்தைக் காவலன் ஒருவனும் எடுத்துரைக்கிறான். குற்றச்சாட்டு உண்டு; வாதம் உண்டு; ஐயமும் உண்டு. சிலம்பு எவ்வாறு கைக்கு வந்தது என்று கோவலனை வினவுவார் மட்டும் இல்லை. தான் குற்றம் சாட்டப்பட்டவன் என்பதே அவனுக்குத் தெரியாது.

இதனோடு வைத்து எண்ணவேண்டியது கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கூறும் வார்த்திகன் வரலாறு. அதுவும் அணிகலன் பற்றிய பொய்க்குற்றமே. அவன் மகன் பெற்று வந்த அணிகளைக் கண்டு அழுக்காறுற்ற அரச ஊழியர் வார்த்திகனைச் சிறையிடுகின்றனர். மனைவி கார்த்திகை அழுது அரற்ற, ஐயை கோயிற் கதவு அடைபடுகிறது. மன்னன் வினவித் தவறறிந்து, பிழை பொறுக்க வேண்டி, ஊர்களும் வழங்குகிறான். பாண்டியர் செங்கோன்மைக்குச் சான்றாகவே தெய்வம் இதனைச் சொல்கிறது. ஆனால் வார்த்திகன் பிழைத்தது சிறையில் உயிரோடிருந்தமையால். கோவலனுக்கு அவ்விடைவெளி வாய்க்கவில்லை. பாண்டியன் வாயிலில் ஆராய்ச்சி மணி ஒலித்ததே இல்லை என்னும் தெய்வத்தின் பெருமிதத்தையும் நாம் ஐயத்தோடுதான் நோக்கவேண்டியுள்ளது. ஒலிக்காத மணி குறையில்லாமையையும் காட்டலாம். குறையுடையோர் அதனருகே வர இயலாமையையும் காட்டலாம்.

இவ்விடைவெளியைப் பற்றியதே மலேசியாவின் அண்மைக்காலச் சட்டச் சீர்திருத்தமும். கைதுக்கான காரணத்தை அறியவும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் கூட்டரசு அரசமைப்பின் 5(3)ஆம் விதி உரிமை அளிக்கிறது. 2007இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28அ பிரிவு இதனை விரித்துரைத்தது. எனினும் வழக்கறிஞர்க்குப் பொருள் தர இயலாதவர்க்கு அவ்வுரிமை ஏட்டளவே. 2012 ஏப்ரலில் தேசிய சட்ட உதவி அறவாரியம் கைது, தடுப்புக் காவல் நிலைகளிலேயே உதவத் தொடங்கியபோதுதான், கோவலன் நின்ற இடத்திற்கு ஒரு வழக்கறிஞர் வந்து சேர்ந்தார் எனலாம்.

மொழித்தடை வேறு. கண்ணகி தன் மொழியிலேயே வழக்குரைத்தாள். மன்னனுக்கும் அது விளங்கிற்று. தேசிய மொழிச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி இந்நாட்டு நீதிமன்ற நடவடிக்கைகள் மலாயில் நிகழ்வன. குற்றம் சாட்டப்பட்டவர்க்கு விளங்காத மொழியில் தரப்படும் சாட்சியத்தை மொழிபெயர்க்குமாறு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 270ஆம் பிரிவு பணிக்கிறது. மலாக்காவின் உம்பாய் வட்டாரத் தோட்டப்புறத்தில் தமிழே அறிந்து முதுமையெய்திய ஒருவர்க்கு இஃது இன்றியமையாத காப்பு. ஆனால் அப்பிரிவு பேசுவது மன்றத்துச் சாட்சியத்தைப் பற்றியே. காவல் நிலையத்தின் முதல் வினாவுக்கு அவர் எம்மொழியில் விடை கூறுவார்?

இன்னொன்றும் உண்டு. அறவாரியம் தொடங்கப்பட்டபோது, வயது வந்தோருள் குடியுரிமை உடையோர்க்கே அதன் உதவி என வரையறுக்கப்பட்டது. இந்நாட்டிலேயே உழைத்து மூத்தும் சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் தோட்டப்புற முதியோர் அவ்வரையறைக்குள் வாரார். கோவலனும் மதுரையின் குடியல்லன், புகாரிலிருந்து வந்த அயலான்.

நம் வகுப்பறைகளில் வழக்குரை காதை பாடமாகும்போது, கொலைக்களக் காதையையும் 5(3)ஆம் விதியையும் ஒருசேரப் பயிற்றலாம். கோவலனை வினவியிருக்க வேண்டியவர் யார், எப்போது, எம்மொழியில் என்பதை மாணவரே எழுதட்டும்.