இதயச் செயலிழப்பும் ஆதரவுச் சிகிச்சையும்: மூன்று ஆய்வுகள், ஒரு மதிப்பீடு

இதயச் செயலிழப்பு என்பது உடலின் தேவைக்கு ஏற்ற அளவு இரத்தத்தைச் செலுத்த இதயத்தால் இயலாத நிலை ஆகும். இதயம் நின்றுவிடுவது என்று இதைப் பொருள்கொள்ளக் கூடாது. மூச்சுத்திணறல், கால்வீக்கம், களைப்பு, வலி, மனச்சோர்வு ஆகியவை நோயாளியை ஆண்டுக்கணக்கில் வாட்டக்கூடும். நோய் நீங்காவிட்டாலும் இத்துன்பங்களைக் குறைத்து, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் துணை நிற்பதே 'பாலியேட்டிவ் கேர்' எனப்படும் ஆதரவுச் சிகிச்சை. பெரிதும் புற்றுநோயாளிகளுக்காக வளர்ந்த இம்முறை இதய நோயாளிகளுக்கும் உதவுமா? இதைச் சோதித்த, செவிலியருக்கு முக்கியப் பங்கு இருந்த மூன்று ஆய்வுகள் இங்கு மதிப்பிடப்படுகின்றன.

ஆய்வுகள் கூறுவன

முதலாவது, சுவீடனில் நடந்த 'பிரிஃபர்' ஆய்வு (2014). 72 நோயாளிகள் 36 பேர் கொண்ட இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். வீட்டிலேயே இதய சிகிச்சையும் ஆதரவுச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்ற குழுவில் மருத்துவமனைச் சேர்க்கைகள் 15. வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவில் 53.

இரண்டாவது, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்த 'பால்-எச்எஃப்' (2017). நோய் முற்றிய 150 பேர் பங்கேற்றனர். நோயாளியின் வாழ்க்கைத் தரத்தை 0 முதல் 100 வரை அளக்கும் கான்சாஸ் சிட்டி வினாத்தாளில், ஆறு மாத முடிவில் ஆதரவுச் சிகிச்சைக் குழு சுமார் 9.5 புள்ளிகள் முன்னே இருந்தது. 5 புள்ளி மாறினாலே நோயாளி அதை உணர்வார் என்பது பொதுவான கணிப்பு. ஆனால் இறப்போ மறுசேர்க்கையோ குறையவில்லை.

மூன்றாவது, அலபாமாவில் நடந்த 'எனேபிள்' ஆய்வு (2020). 415 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். சிகிச்சைக் குழுவினருக்கு ஒரு நேரடி ஆலோசனையும், செவிலியர் வாரந்தோறும் தொலைபேசியில் நடத்திய ஆறு அமர்வுகளும், பின்னர் மாதாந்திர விசாரிப்பும் கிடைத்தன. 16 வாரங்களில் அதே வினாத்தாளில் ஒரு குழு 3.9 புள்ளியும் மற்றது 2.3 புள்ளியும் உயர்ந்தன. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனினும் வலி குறைந்தது.

முரண்பாடு உண்டா?

தலைப்பை மட்டும் படிப்பவர், 'ஒன்று பலன் என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது' என்று ஒதுக்கிவிடுவார். இது தவறான வாசிப்பு. டியூக் ஆய்வில் சேர்ந்தோர் மிகவும் நலிந்தவர்கள். அலபாமா ஆய்வில் சேர்ந்தோரின் வாழ்க்கைத் தரம் தொடக்கத்திலேயே ஓரளவு நன்றாக இருந்ததை ஆய்வாளர்களே குறிப்பிட்டுள்ளனர். விடைத்தாள் திருத்திய எவருக்கும் இது விளங்கும்: சிறப்பு வகுப்பின் பயன், தடுமாறும் மாணவரின் மதிப்பெண்ணில் தெரியும் அளவுக்கு, ஏற்கெனவே நன்றாகப் படிப்பவரிடம் தெரியாது. அதற்காக வகுப்பே வீண் என்று முடிவுகட்ட முடியாது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. அலபாமா ஆய்வில் வலி, முதன்மை அளவுகோல் அன்று, துணை அளவுகோலே. பல துணை அளவுகோல்களுள் ஒன்று சாதகமாக அமைந்தால், அதை மற்றோர் ஆய்வு உறுதிசெய்யும்வரை பொறுத்திருப்பதே முறை.

குறைகள்

* சுவீடன் ஆய்வு மிகச் சிறியது. இரு சிகிச்சைகள் ஒன்றாகத் தரப்பட்டதால், சேர்க்கை குறைந்தது எதனால் என்று பிரித்தறிய இயலாது.
* டியூக் ஆய்வு ஒரே மையத்தில் நடந்தது. வசதி குறைந்த மருத்துவமனைகளுக்கும் அதன் முடிவு பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது.
* தமக்கு எந்தச் சிகிச்சை கிடைக்கிறது என்பது நோயாளிகளுக்குத் தெரியும். வினாத்தாளை நிரப்புவோரும் அவர்களே. கூடுதல் கவனிப்பு பெற்றவர் சற்றுத் தாராளமாக விடையளிக்கக்கூடும்.

முடிவுரை

'பலனில்லை' என்ற ஒற்றைச் சொல், ஒரு மருத்துவமனை செவிலியர் பணியிடத்தை நீக்கவும் காரணமாகலாம். இறப்பைத் தள்ளிப்போடுவது மட்டும் இச்சிகிச்சையின் நோக்கம் அன்று. இரவில் மூச்சுத்திணறி எழுந்து உட்காரும் ஒருவரின் அச்சம் தணிவதும் பலனே. எனவே, எந்த ஆய்வையும் படிக்கும்போது யாரைச் சேர்த்தார்கள், எதை அளந்தார்கள், எதனோடு ஒப்பிட்டார்கள் என்ற மூன்றையும் கேட்ட பின்னரே முடிவுப் பத்திக்குச் செல்ல வேண்டும்.