தங்கம் தோண்டிய கை எங்கே?

இருள் பிரியாத வேளை. முதல் ஷிப்டுக்குச் செல்லும் தொழிலாளரைச் சுமந்துகொண்டு ஆலைப் பேருந்துகள் ஒசூர் சிப்காட்டை நோக்கி விரைகின்றன. அதே வேளையில், அதே நெடுஞ்சாலையில், எதிர்த்திசையில் இன்னொரு படை கிளம்புகிறது. இருசக்கர வண்டிகளிலே இருவராக, மூவராக, கொடி கட்டிக் குரல் எழுப்பி, ஜூஜூவாடியைக் கடந்து, அத்திப்பள்ளியைக் கடந்து, பெங்களூர்ப் படக்கொட்டகைகளை நோக்கிப் பறக்கிறது அப்படை. 2023 சனவரியில், சென்னைக் கொட்டகை ஒன்றின் முன்னே லாரியின் மீதேறி ஆடிய இளைஞர் ஒருவர் விழுந்து மாண்டார். அதன்பின் தமிழ்நாட்டில் விடியற்காலைக் காட்சிகள் நிறுத்தப்பட்டன. எல்லைக்கு அப்பால் அன்று அந்தத் தடை இருக்கவில்லை. ஆகவேதான் அவ்வாண்டு ஆகஸ்டில் ‘ஜெயிலர்’ வந்தபோதும், அக்டோபரில் ‘லியோ’ வந்தபோதும், எல்லை கடந்தது இளைஞர் கூட்டம்!

இதே எல்லையை நாம் வேறொரு கோலத்திலும் கண்டிருக்கிறோம். 2016 செப்டம்பரில் காவிரிச் சிக்கல் மூண்டு, பெங்களூரில் பேருந்துகள் எரிக்கப்பட்டு, போக்குவரத்து அறுந்தபோது, கைக்குழந்தையும் மூட்டையுமாக மக்கள் இங்கே நடந்தே எல்லை கடந்தனர். அன்று அவர்களை நடக்க வைத்தது பகை. பின்னர் இளைஞரைப் பறக்க வைத்தது பற்று. பகையைவிடப் பற்று மேல் என்பதிலே நமக்கு ஐயமில்லை. ஆனால், எதன்மீது பற்று, எதற்காகப் பற்று என்று கேட்பது நம் கடமை.

படம் பார்ப்பதே பாவம் என்று பேசுவோர் கூட்டத்தைச் சேர்ந்தவர்களல்லர் நாம். சினிமா என்றாலே முகஞ்சுளித்தவர் ஒருவர் உண்டு. அவரும் இந்த ஒசூரை அடுத்த தொரப்பள்ளியிலே பிறந்த ஆச்சாரியார்தான்! அவர் வழி நம் வழியன்று. 1949-இல் ‘வேலைக்காரி’யையும், 1952-இல் ‘பராசக்தி’யையும் திரையிலே நிறுத்தி, கோயிலைச் சுரண்டலின் கூடாரமாக்கியோரைக் கேள்வி கேட்ட இயக்கம் நம்முடையது. திரையின் வலிமையை அறிந்தவர்கள் நாம். அறிந்ததனாலேயே, அஞ்ச வேண்டிய இடத்திலே அஞ்சவும் செய்கிறோம்.

இந்த எல்லைப்புறத்து இளைஞரின் நெஞ்சைக் கொள்ளைகொண்ட படங்களிலே ‘கே.ஜி.எஃப்.’ தலையாயது. 2018 டிசம்பர் 21-இல் முதற்பகுதி. 2022 ஏப்ரல் 14-இல் இரண்டாம் பகுதி. பிரசாந்த் நீல் இயக்க, யாஷ் நடிக்க, கன்னடத்திலே உருவான படம். தமிழ்க்குரல் பூட்டி வந்தபோது, கன்னட நடிகர் என்று நம் இளைஞர் ஒதுக்கினரா? இல்லை, கொண்டாடினர்! தண்ணீருக்காகத் தலைகள் மோதிய எல்லையிலே, ஒரு கன்னடப் படத்துக்குத் தமிழன் கைதட்டினான் என்றால், அது நல்ல செய்தி. அதை மனமார வரவேற்றுவிட்டுத்தான் கதைக்குள்ளே நுழைகிறோம்.

கதை என்ன? நராச்சி என்றொரு கற்பனை ஊர். 1951-இல் அங்கே தங்கம் கிடைக்கிறது. ஒருவன் அந்நிலத்தை வளைத்துக்கொள்கிறான். ஆயிரமாயிரம் ஏழைகள் அடிமைகளாக்கப்பட்டு, சாட்டைக்கும் துப்பாக்கிக்கும் நடுவே சுரங்கத்தில் மடிகிறார்கள். எதிர்க்க நாதியில்லை, எழுந்து நிற்கத் தெம்பில்லை. அந்த இருளிலே வருகிறான் ராக்கி. வந்தவன், தேவியின் திருமுன்னே அடிமைகளைப் பலியிடும் சடங்கின்போது, பலியாட்களுள் ஒருவனாய் மறைந்திருந்து, வெட்ட வந்த கொடியவனையே வெட்டி வீழ்த்துகிறான். மக்கள் மண்டியிடுகிறார்கள். முதற்பகுதி முற்றும்!

காட்சி எடுத்த திறத்தைப் பழிக்கமாட்டோம். கரியும் புழுதியும் படிந்த முகங்கள், இடியென முழங்கும் இசை, நறுக்குத் தெறித்தாற்போன்ற வசனம் எல்லாம் கண்டோம். நம் உடலும் சிலிர்த்தது. வேள்வியின் பெயரால் கொல்லும் கயவன் அதே மேடையில் வீழ்வதைக் கண்டு பகுத்தறிவாளன் கைதட்டாமல் இருப்பானா?

ஆனால், தோழர்களே, இரண்டாம் பகுதியைப் பாருங்கள். கொடியவன் ஒழிந்தான், கொடுமை ஒழிந்ததா? சுரங்கம் மூடப்படவில்லை, தங்கம் பங்கிடப்படவுமில்லை. முன்னிலும் வேகமாகத் தோண்டப்படுகிறது. தோண்டுகிற கை பழைய கை. வாங்குகிற கை மட்டும் புதிய கை! அரியணை அப்படியே இருக்கிறது, அமர்ந்தவன் மாறினான். உலகத்துத் தங்கமெல்லாம் தன் தாய்க்கு வேண்டும் என்பதே அவன் குறிக்கோள். இறுதியிலே அத்தனை தங்கத்தோடும் கடலில் மூழ்குகிறான் நாயகன். இரத்தம் சிந்தித் தோண்டியவர்களுக்குக் கிடைத்த பங்கு என்ன? அவன் பெயரைச் சொல்லிப் பூரிக்கும் உரிமை! ‘இது விடுதலைக் கதை’ என்கிறார்கள் இரசிகத் தோழர்கள். ‘இது எசமான் மாறிய கதை’ என்கிறோம் நாம்.

நராச்சி கற்பனை ஊர். கோலார் தங்கவயல் கற்பனையன்று. கிருட்டினகிரியிலிருந்து புறப்பட்டால் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவிலே இருக்கிறது அது. அந்தப் படத்துக்கான அரங்குகளும் அங்கேதான், சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்துகிடக்கும் சயனைடு மேட்டிலேதான் எழுப்பப்பட்டன. படத்தைப் பத்துமுறை பார்த்த இளைஞரே! அந்த மேட்டை ஒருமுறையேனும் பார்த்ததுண்டா?

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால்வைத்தது. வட ஆர்க்காடு, சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து ஆதித்திராவிட மக்கள் திரண்டு சென்றனர். ஊரிலே சாதிக்கொடுமை, வயிற்றிலே பசி. இரண்டிலிருந்தும் தப்ப எண்ணி மண்ணுக்கடியிலே இறங்கினர். 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம். உடலை வேகவைக்கும் வெப்பம். திடுமென வெடித்துச் சிதறும் பாறை. நுரையீரலில் கல்தூசு படிந்து உயிர்குடிக்கும் நோய். சிவசமுத்திரத்து அருவியின் மின்சாரம் 1902-இலேயே சுரங்கத்துக்கு வந்துவிட்டது. பெங்களூர் நகரத்து வீதிவிளக்குக்குக்கூட 1905 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. வெளிச்சம் முதலில் ஓடியது பொன்னைத் தேடி! தோண்டியவன் குடியிருந்ததோ மூங்கில் தட்டி வீட்டிலே.

இவ்வளவும் படத்திலே காட்டிய கொடுமைக்கு இளைத்தவையல்ல. ஆனால், அந்த மக்கள் ஒரு ராக்கிக்காகக் காத்திருந்தனரா? அங்கேதான் வரலாறு படத்தை வெல்கிறது!

அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழைத் தாங்கி நின்றவர்களில் முன்னணியினர் அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள். மாரிக்குப்பத்திலே பௌத்த சங்கம் கண்டனர். ‘பிறப்பிலே தாழ்வில்லை’ என்பதை அங்கே கூடிப் படித்தனர், பேசினர், வாழ்ந்து காட்டினர். பண்டிதர் மறைந்த பின்னர் அவர் நூல்களை அச்சிட்டுக் காத்தது தங்கவயலின் சித்தார்த்த அச்சகம். அப்பாதுரையார் போன்றோர் உழைப்பால் சுயமரியாதைக் கருத்து அங்கே வேர்விட்டது. 1930-இல் தொழிலாளரைக் குற்றவாளிகள்போல் கைரேகை பதியச் சொன்னது ஒரு விதி. தொழிற்சங்கங்கள் வேரூன்றாத காலம் அது. ஆயினும் சுரங்கமே அசைவற்று நின்றது! அரியணை ஏறிய தலைவன் எவன்? ஒருவனுமில்லை. பகலெல்லாம் பாறை உடைத்து, இரவிலே விளக்கொளியில் இதழ் படித்த கைகள்தான் அந்த வேலைநிறுத்தத்தை நடத்தின.

படத்திலே அந்தக் கைகள் எங்கே? அங்கே உழைப்பாளி அழுகிறான், அடிபடுகிறான், கும்பிடுகிறான். சிந்திப்பதில்லை, கூடுவதில்லை, எழுதுவதில்லை. இரண்டாம் பகுதி வெளியான நாள் ஏப்ரல் 14. அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள்! கற்பி, ஒன்றுசேர், போராடு என்ற வழியைக் காட்டியவர் பிறந்த நாளிலே, ‘மண்டியிடு, காத்திரு, கைதட்டு’ என்று சொல்லும் கதை திரைக்கு வந்தது. திட்டமிட்டதென்று குற்றஞ்சாட்டவில்லை, பொருத்தத்தை எண்ணிப் பாருங்கள் என்கிறோம்.

இந்த நோய் ஒரு படத்தோடு நிற்பதன்று. 2015 சூலை முதல் 2017 ஏப்ரல் வரை இந்தத் துணைக்கண்டமே ஒரு வினாவை எழுப்பிற்று: ‘பாகுபலியைக் கட்டப்பா ஏன் கொன்றான்?’ விடை கிடைத்தது. அரியணை ஆணையிட்டது, பரம்பரை அடிமை ஆகையால் கொன்றான்! அரியணைக்குத் தலைமுறை தலைமுறையாக ஏன் ஒரு குடும்பம் அடிமை என்ற அடுத்த வினாவை எவரும் எழுப்பவில்லை. அந்த அடிமை வேடத்தை ஏற்றவரோ, 2007-இல் பெரியாராகத் திரையில் நின்ற சத்யராஜ்!

கிருட்டினகிரியும் தருமபுரியும் அதற்குமுன் எழுப்பிய வினா வேறு. ‘எங்கள் கிணற்று நீரைக் குடித்தால் பிள்ளைகளின் பல் ஏன் கறைபடுகிறது, எலும்பு ஏன் வளைகிறது?’ என்ற வினா அது. நீரிலே புளோரைடு என்று அறிவியல் விடை சொன்னது. அந்த விடையிலிருந்து பிறந்ததே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008-இல் தொடங்கி, எதிர்ப்பைக் கடந்து, 2013-இல் குழாயிலே நீராக வந்தது. ஒரு வினா கொட்டகையை நிரப்பிற்று. ஒரு வினா குடத்தை நிரப்பிற்று. வினா எழுப்பும் ஆற்றல் ஒன்றுதான். எங்கே செலவிடுகிறோம் என்பதிலேதான் வேற்றுமை!

‘பத்துமணி நேரம் எந்திரத்தோடு மல்லாடி வருகிறேன். மூன்று மணி நேரம் மறந்திருக்கக்கூடாதா? இது வெறும் கதைதானே!’ என்று கேட்பான் ஒசூர்த் தோழன். கேட்கட்டும், நியாயமான கேள்வி. களைத்தவன் களிக்க உரிமையுண்டு. ஆனால், ‘வெறும் கதை’ என்று சொல்லித்தானே இராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் நம் பாட்டன் தலையிலே ஏற்றினார்கள்? கதை வெறும் கதையாக நிற்பதில்லை. ‘உன்னால் ஆகாது, ஒருவன் வருவான்’ என்பதைக் காதிலே ஓதிக்கொண்டே இருக்கிறது. அவதாரம் மலையிறங்கி வந்தாலென்ன, துப்பாக்கியோடு பம்பாயிலிருந்து வந்தாலென்ன? அவதாரம் அவதாரந்தான்! நாயகன் உருவத்துக்குப் பாலூற்றும் கை, கற்சிலைக்குப் பாலூற்றிய கையின் பேரன்தானே?

இதைச் சொல்லும்போது நம் முதுகையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். திரையிலே அரிதாரம் பூசியவரை மீட்பராக்கியதிலே நம் இயக்கத்தார்க்கும் பங்குண்டு. கொள்கையைச் சொல்லத் திரையைப் பிடித்தோம். கொள்கை பின்னே நிற்க, முகம் முன்னே வந்தது. மன்றங்கள் பெருகின, படிப்பகங்கள் சுருங்கின. இந்தத் தவற்றை ஒப்புக்கொள்ளாமல் இன்றைய இளைஞனைக் கண்டிக்க நமக்குத் தகுதியில்லை.

ஆகவே, கண்டிக்கவில்லை; அழைக்கிறோம். ஒசூர் ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளராகவும் பயிற்சியாளராகவும் காலந்தள்ளும் இளைஞர்களே! எந்தக் காட்சியில் எந்தத் துப்பாக்கி, எந்த வசனம், மூன்றாம் பகுதிக்கு என்ன குறிப்பு என்றெல்லாம் துருவித் துருவி ஆராயும் அறிவு உங்களிடம் இருக்கிறது. அது அற்ப அறிவன்று. அதே கூர்மையோடு உங்கள் ஊதியச் சீட்டைப் படியுங்கள். வைப்புநிதி கட்டப்படுகிறதா, ஒரே எந்திரத்தில் நிற்கும் இருவருக்கு ஏன் இருவேறு கூலி, எத்தனை ஆண்டு பயின்றால் பயிற்சி முடியும் என்று கேளுங்கள். மூன்றாம் பகுதிக்குக் காத்திருக்கும் வேளையிலே, ஒரு விடுமுறை நாளில் நாலுபேராகச் சேர்ந்து தங்கவயலுக்குப் போய் வாருங்கள்.

2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்ட சுரங்கம் அங்கே கிடக்கிறது. ஏறத்தாழ 800 டன் தங்கம் அந்த மண்ணிலிருந்து போயிற்று. தோண்டியவர்களின் பேரப்பிள்ளைகள் பொழுது விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிவேலைக்குப் போகிறார்கள். காற்றடித்தால் சயனைடு மேட்டுப் புழுதி வீட்டுக்குள் நுழைகிறது. அங்கே நின்று கேளுங்கள்: தங்கம் எங்கே? தோண்டிய கை எங்கே?

அந்த வினாவுக்கு எந்த நாயகனும் விடை கொண்டுவரமாட்டான். இரவிலே இதழ் படித்த கைகளின் வழி இன்னும் திறந்தே இருக்கிறது. அவ்வழியே நடக்க நுழைவுச் சீட்டு வேண்டியதில்லை. நாலு தோழரும் ஒரு படிப்பகமும் போதும்.