ஹார்வியின் கையெழுத்தைப் படித்தவர்கள்

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ‘ஸ்லோன் 230’ என்ற எண்ணில் ஒரு கையெழுத்துச் சுவடி இருக்கிறது. ரத்தம் உடம்பைச் சுற்றிவருகிறது என்று காட்டிய வில்லியம் ஹார்வி, மருத்துவர் கல்லூரியில் உடற்கூறு விரிவுரை ஆற்றுவதற்காக 1616இல் எழுதத் தொடங்கிய குறிப்புகள் அவை. பிறர் படிப்பார்கள் என்று நினைத்து எழுதியதல்ல. லத்தீனில் கிளம்பும் வரி நடுவழியில் ஆங்கிலத்துக்குத் தாவும். நாலு சொல் போனதும் மறுபடி லத்தீன். தமக்கே தோன்றிய கருத்து என்றால் பக்கத்தில் தம் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் போட்டுவைப்பார். கையெழுத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மருந்துச் சீட்டை நீட்டிவிட்டு மருந்துக்கடைக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரியும். 400 ஆண்டுகளாக அந்தத் தொழிலில் அது மட்டும் மாறவில்லை.

இந்தச் சுவடி 1961இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தபோது அட்டையில் மூன்று பெயர்கள் இருந்தன: ஓமேலி, பாய்ன்டர், ரசல். நடுவில் இருப்பவர் வெல்கம் நூலகத்தின் நூலகர். மூன்றே ஆண்டு கழித்து, 1964இல், அதே சுவடிக்கு இன்னொரு பதிப்பு வந்தது. அதைச் செய்தவர் க்வெனெத் விட்டரிட்ஜ், லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் ஆவணக் காப்பாளர். மருத்துவமும் லத்தீனும் கற்ற பேராசிரியர்களுக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை. ஆனாலும் இரண்டு முறையும் வேலையில் ஆவண அறையில் உட்காருகிறவர் ஒருவர் இருந்தார். இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. மருத்துவ வரலாற்றில் பட்டியல் போடுகிறவரும் மொழிபெயர்க்கிறவரும் பல வேளை ஒரே ஆள். பழைய நூலொன்றை எந்த அலமாரியில் வைப்பது என்று முடிவு செய்வதற்குள், அதிலுள்ள நோய் எது, மருந்து எது என்று அவர் தமக்குள் மொழிபெயர்த்து முடித்திருப்பார். எழுத்தில் கொண்டுவருவது அடுத்த வேலை.

இந்தப் பரம்பரையின் தொடக்கத்தையும் ஹார்வியின் வீட்டிலேயே தேடலாம். ஹார்வி தம் செலவில் மருத்துவர் கல்லூரிக்கு ஒரு நூலகம் கட்டித்தந்தார். 1654இல் திறந்தார்கள். அதன் முதல் காப்பாளர் கிறிஸ்டோஃபர் மெரெட். மருத்துவர்தான், ஆனால் கண்ணாடித் தொழில்காரர்களும் அவர் பெயரைச் சொல்வார்கள். இத்தாலியரான அந்தோனியோ நேரி எழுதிய கண்ணாடி செய்யும் கலை பற்றிய நூலை 1662இல் ஆங்கிலத்தில் தந்தவர் அவர்தான். மூலத்தோடு நிற்காமல் தம் குறிப்புகளையும் மூட்டை மூட்டையாகச் சேர்த்தார். நூலகர் மொழிபெயர்த்தால் அடிக்குறிப்பு பெருக்கும் என்பதற்கு அதுவே முதல் சாட்சி.

1666இல் லண்டன் பெருந்தீயில் கல்லூரிக் கட்டடம் எரிந்தது. மெரெட்டால் நூற்றுச் சொச்சம் நூல்களைத்தான் வெளியே எடுக்க முடிந்தது. எரிந்த நூலகம் என்றதும் நமக்கு 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணம்தான் கண்முன் வரும். அங்கே அள்ளிக்கொண்டு ஓட ஒரு மெரெட்டுக்கு இடம் கொடுக்கப்படவில்லை. லண்டனில் கதை வேறு விதமாகக் கசந்தது. நூலகமே இல்லாதபோது நூலகர் எதற்கு என்று கல்லூரி கேட்டது. ஆயுள் முழுக்கத் தந்த பதவி என்று மெரெட் வழக்காடித் தோற்றார். 1681இல் கல்லூரியின் உறுப்பினர் தகுதியும் போனது.

அடுத்த பெரிய பெயர் ராபர்ட் வில்லிஸ். எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். அறுவை மருத்துவர் கல்லூரியில் நூலகம் புதிதாகத் தொடங்கியபோது அதன் நூலகராகி 1845 வரை அங்கே இருந்தார். அவர் மொழிபெயர்த்ததைப் பார்த்தால் ஒரு அலமாரியின் குறுக்குவெட்டைப் பார்ப்பதுபோல இருக்கும்: ஸ்பர்ட்ஸ்ஹைமின் மூளை உடற்கூறு, ரேயெரின் தோல் நோய்கள், வாக்னரின் உடலியங்கியல். பதவியை விட்டு லண்டனுக்கு வெளியே பார்ன்ஸில் வைத்தியம் பார்க்கப் போன பிறகு, 1847இல், சிடன்ஹாம் சங்கத்துக்காக ஹார்வியின் படைப்புகளை ஆங்கிலத்தில் தந்தார். 1843இல் தொடங்கிய அந்தச் சங்கம் பழைய மருத்துவ நூல்களைச் சந்தாதாரர்களுக்கு அச்சிட்டு அனுப்பியது. ஸ்காட்லாந்தின் பாங்கரி என்ற ஊரில் வைத்தியம் பார்த்துக்கொண்டே ஹிப்பாக்ரட்டீஸைக் கிரேக்கத்திலிருந்து பெயர்த்த ஃபிரான்சிஸ் ஆடம்ஸ், ராஸியின் அம்மை நூலை அரபியிலிருந்து தந்த கிரீன்ஹில் ஆகியோரும் அதற்காக உழைத்தவர்களே. ராஸியின் பெருமையே பெரியம்மை, தட்டம்மை என்ற இரண்டு நோய்களைப் பிரித்துக் காட்டியதுதான். தமிழில் பெரியம்மை, தட்டம்மை, சின்னம்மை எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள். அந்த நூலுக்குத் தமிழில் தலைப்பு வைக்க உட்காருகிறவர், ராஸி பிரித்ததைத் தலைப்பிலேயே மறுபடி ஒட்டவைக்க நேரிடும்.

வில்லிஸின் ஹார்விக்கு ஆயுசு கெட்டி. 1907இல் எவ்ரிமேன் மலிவுப் பதிப்பில் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கப் பெருநூல் வரிசையிலும் அதையே எடுத்துப் போட்டார்கள். பின்னால் வந்த லீக் (1928), ஃபிராங்க்ளின் (1957), விட்டரிட்ஜ் (1976) மூவருமே அவரைவிடக் கறாரானவர்கள். படிக்கச் சுகம் என்னவோ வில்லிஸ்தான். அதிலேதான் ஆபத்தும் இருக்கிறது. அவருடைய ஹார்வி விக்டோரியா காலத்து மருத்துவர்போல நிதானமாகப் பேசுகிறார். 1628இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஏகப்பட்ட அச்சுப்பிழைகளோடு வந்த 72 பக்கப் புத்தகத்தில் பேசுகிற மனிதர் அவ்வளவு நிதானமானவர் அல்ல. தாம் சொல்லப்போவதால் ஊரே பகையாகுமோ என்ற அச்சம் அவருக்கு உண்டு. அதை மறைக்கவும் இல்லை.

அவர் சொன்னது என்ன என்பதில் தமிழ்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் ‘ரத்த ஓட்டம்’ என்கிறோம். ரத்தம் ஓடுகிறது என்பதை ஹார்வி கண்டுபிடிக்கத் தேவையிருக்கவில்லை. பழைய கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்தே எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஈரலில் ஊறும் ரத்தம் நாளங்களில் பாய்ந்து, வாய்க்கால் நீர் வயலில் சுவறுவதுபோல உடம்பில் சுவறிவிடும், ஈரல் மறுபடி புதிதாகச் சுரக்கும். ஹார்வி ஒரு கணக்குப் போட்டார். இதயம் ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ்தான் தள்ளுகிறது, அரை மணி நேரத்தில் ஆயிரம் முறைதான் துடிக்கிறது என்று குறைத்து வைத்தாலும் 500 அவுன்ஸ் ஆகிறது. அவ்வளவு ரத்தம் தின்ற சோற்றிலிருந்து வரவும் முடியாது, உடம்பில் சுவறவும் முடியாது. ஆக, போனதேதான் திரும்பி வருகிறது. கண்டுபிடிப்பு ‘சுற்று’ என்ற சொல்லில் இருக்கிறது. பாடநூலின் ‘குருதிச் சுற்றோட்டம்’ அதைக் காப்பாற்றிவிட்டது. பேச்சுவழக்கின் ‘ரத்த ஓட்டம்’ கேலனிடமே நம்மைத் திருப்பி அனுப்புகிறது. பேச்சை யாரும் திருத்தப்போவதில்லை. ஆனால் ஹார்வியைத் தமிழாக்குகிறவர் எந்தச் சொல்லில் கை வைக்கப் பயப்பட வேண்டும் என்பதற்கு இது போதும்.

இனி விட்டரிட்ஜ். அவர் காத்த ஆவணங்கள் எந்த மருத்துவமனையுடையவை என்பதைக் கவனிக்க வேண்டும். 1609 முதல் 1643 வரை ஹார்வி மருத்துவராக இருந்தது அதே செயின்ட் பார்த்தலோமியுவில்தான். விரிவுரைச் சுவடியின் நிழற்படங்களையும் எழுத்துப்பெயர்ப்பையும் மருத்துவர் கல்லூரி 1886இலேயே வெளியிட்டிருந்தது. அந்த எழுத்துப்பெயர்ப்பில் பிழைகள் நிறைய. விட்டரிட்ஜ் மொழிபெயர்க்கும் முன் லத்தீனை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். 1964 பதிப்பில் லத்தீனும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும்.

அந்தச் சுவடியில் ஒரு பக்கத்தை மட்டும் அருகில் வைத்துப் பார்க்கலாம். இதய வால்வுகளை ஹார்வி, நீரேற்றும் துருத்தியில் திறந்து மூடும் இரண்டு அடைப்பான்களோடு ஒப்பிடுகிற இடம். அந்த உவமைக்கு மட்டும் லத்தீன் போதாமல் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார். பட்டறையில் கேட்ட சொல் பட்டறை மொழியிலேயே வந்து விழுகிறது. பக்கத்தில் அவருடைய முதலெழுத்துகள். தொடர்ந்து, ரத்தம் வட்டமாகச் சுற்றுவது இதயத்தின் துடிப்பால்தான் என்ற முடிவு. இந்த ஒரு குறிப்பை வைத்துத்தான், 1616லேயே ஹார்வி சுற்றோட்டத்தை அறிவித்துவிட்டார் என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். விட்டரிட்ஜ் அதை ஏற்கவில்லை. அந்தக் குறிப்பு பின்னாளில் சேர்த்தது என்றும், ஹார்வி அந்த முடிவுக்கு வந்து சேர ஆண்டுகள் பிடித்தன என்றும் வாதாடினார்.

சொல்லை மட்டும் பார்த்து மொழிபெயர்க்கிறவருக்கு இந்தச் சந்தேகம் எழுந்திருக்காது. அப்படிப்பட்டவருக்கு அந்தக் குறிப்பு ஒரு வாக்கியம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகியவருக்கு அது முதலில் ஒரு தாள். எப்போது எழுதியது, எங்கே இடைச்செருகியது என்ற கேள்வியெல்லாம் முடிந்த பிறகுதான் அதில் என்ன எழுதியிருக்கிறது என்ற கேள்வியே வரும். வாதம் முழுக்கச் சரியா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். கேள்வி எந்த அறையில் பிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1981 வரை அவர் ஹார்வியை விடவில்லை. விலங்குகளின் பிறப்பு பற்றிய ஹார்வியின் பெருநூலை அந்த ஆண்டு மொழிபெயர்த்துக் கொடுத்தார்.

அமெரிக்காவில் இதே தொழில் வேறு உருவெடுத்தது. 1865இல் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற ராணுவ மருத்துவரிடம் வாஷிங்டன் தலைமை அறுவை மருத்துவர் அலுவலகத்தின் சிறு நூலகம் வந்தது. கொஞ்ச காலம் அது இருந்த இடம், லிங்கன் சுடப்பட்ட ஃபோர்ட் நாடக அரங்கு. உள்நாட்டுப் போர் முடிந்து மருத்துவமனைகளை மூடியபோது மிஞ்சிய பணத்தைப் பில்லிங்ஸ் நூல்களாக மாற்றினார். 1879இல் ‘இண்டெக்ஸ் மெடிகஸ்’ என்ற மருத்துவக் கட்டுரைகளின் மாதப் பட்டியலைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு நூலகத்தின் பெரும்பட்டியலுடைய முதல் தொகுதி. 1891இல் அங்கே எழுத்தராக நுழைந்த ஃபீல்டிங் காரிசன் அந்தப் பட்டியலுக்குள்ளேயே உட்கார்ந்து படித்துப் படித்து 1913இல் மருத்துவ வரலாறு ஒன்றை எழுதிவிட்டார். அட்டைகளிலிருந்து ஒரு வரலாற்றாசிரியர் முளைத்த கதை.

‘இண்டெக்ஸ் மெடிகஸ்’ மாதப் பட்டியலின் பேரப்பிள்ளைதான் இன்று டாக்டர்கள் கைப்பேசியில் தேடும் ‘பப்மெட்’. ஆங்கிலமல்லாத கட்டுரையின் தலைப்பை அது ஆங்கிலத்தில் பெயர்த்து, சதுர அடைப்புக்குறிக்குள் காட்டும். இந்தத் துறையின் மிகச் சிறிய மொழிபெயர்ப்பு அதுவே. ஒரு வரிதான், பெயர்த்தவர் யார் என்று எங்கும் இருக்காது. ஆனால் அந்த வரியில் நோயின் பெயர் பிசகினால் அந்தக் கட்டுரை தேடுகிறவர் கண்ணில் படாமலே போகும்.

இந்தியப் பக்கம் வந்தால் இந்தச் சிக்கல் பல மடங்கு. வெல்கம் நூலகத்துக்குப் பெயர் தந்த ஹென்றி வெல்கமின் ஆட்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்து சுவடிகளைப் பெட்டி பெட்டியாக லண்டனுக்கு அனுப்பினார்கள். வாங்கியது வேகம், பிரித்துப் பார்த்தது நிதானம். அங்கே போய்ச் சேர்ந்த சமஸ்கிருதச் சுவடிகள் மட்டும் 6,000க்குக் குறையாது. அவற்றுக்கு டொமினிக் வுஜாஸ்டிக் தயாரித்த கைப்பட்டியலின் முதல் பகுதி 1985இல்தான் வந்தது, இரண்டாவது 1998இல். அதே 1998இல் ஆயுர்வேத மூலநூல்களிலிருந்து அவர் தேர்ந்து மொழிபெயர்த்த தொகுப்பைப் பெங்குயின் வெளியிட்டது. பட்டியல் மேசையிலிருந்து எழுந்தவர் மொழிபெயர்ப்பு மேசைக்குப் போனார் என்று சொல்லத் தோன்றும். இரண்டும் ஒரே மேசைதான்.

தமிழ்ச் சுவடிகளும் உலகப் பட்டியலில் இல்லாமலில்லை. யுனெஸ்கோவின் ‘உலக நினைவகம்’ பதிவேட்டில் 1997இலேயே சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடித் தொகுப்பு ஏறிவிட்டது. ஏறிய பிறகு என்ன? ‘மேகம்’ என்று ஓர் ஏட்டில் வந்தால் அது வானத்து மேகமல்ல என்பது வரைக்கும் எல்லோரும் தேறிவிடுவோம். அது பால்வினை நோயா, நீரிழிவா, தோலில் வந்த படையா? சித்தருக்கு அது ஒரே குடும்பம். இன்றைய மருத்துவமனையில் மூன்று தனித்தனி வாசல்கள். பட்டியல்காரர் ஏதோ ஒரு வாசலில் ஏட்டைக் கொண்டுபோய் நிறுத்தினால் மற்ற இரண்டு வாசல்காரர்களும் அதைப் பார்க்கவே மாட்டார்கள். ‘மேகம்’ என்று அப்படியே எழுதிவைக்கும் பட்டியலைச் சோம்பேறித்தனம் என்று நான் முன்பு நினைத்ததுண்டு. இப்போது அப்படி நினைப்பதில்லை.

எதிர்த் திசையில் நடந்தவர் சாமுவேல் கிரீன். மாசசூசெட்ஸிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த மிஷன் மருத்துவர். மானிப்பாயில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலப் பாடநூல்களை அவரும் அவர் மாணவர்களும் வரிசையாகத் தமிழாக்கினார்கள்: பேறுகாலத்துக்கு ஒன்று, ‘இரண வைத்தியம்’ என்று அறுவைக்கு ஒன்று. சொல்லைத் தமிழில் தேடு, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடு, அங்கும் இல்லையென்றால் ஆங்கிலத்தையே தமிழெழுத்தில் எழுது என்பது அவர் வகுத்த வழி. மூன்றாவது வழியில் போனதுதான் 1875இல் வந்த ‘கெமிஸ்தம்’. 1873இலேயே அவர் ஊர் திரும்பிவிட்டிருந்தார். கடல் கடந்து போன பிறகும் தமிழ் நூல்களின் வேலையை விடவில்லை.

கிரேயின் உடற்கூறு நூலுக்கு 1872இல் அவர்கள் வைத்த தமிழ்ப் பெயர் ‘மனுஷ அங்காதிபாதம்’. அந்தக் காலத்து யாழ்ப்பாண மாணவனுக்கு அது விளங்கியிருக்கும். இன்று அட்டையை மட்டும் பார்த்துக் கணினியில் ஏற்றுகிறவருக்குப் ‘பாதாதிகேசம்’, ‘கேசாதிபாதம்’ என்ற பழக்கத்தில் கை தானாகவே சிற்றிலக்கியம் என்ற கட்டத்துக்குப் போகும். எலும்புப் படங்கள் உள்ளே இருக்கின்றன. புத்தகத்தைத் திறக்க வேண்டும்.