குறளில் இருபுனல்: ஒரு நோக்கு

வள்ளுவர் நீரைப் பற்றிக் கூறியவற்றை ஆராய்வோர் பெரும்பாலும் ‘வான்சிறப்பு’ அதிகாரத்தோடு அமைந்துவிடுகின்றனர். மழையைத் தனிப்பொருளாகக் கொண்ட அதிகாரம் அதுவேயாதலின் இஃது இயல்பே. எனினும், நிலத்தினுள் மறைந்து நிற்கும் நீரை அவர் பிற ஈரிடங்களிலேனும் சுட்டியுள்ளார். ஒன்று, நாட்டின் உறுப்புக்களைத் தொகுக்கும் 737ஆம் குறள். மற்றையது, கல்வியை மணற்கேணியோடு ஒப்பிடும் 396ஆம் குறள். இவற்றை வான்சிறப்போடு இயைத்து நோக்காமையால் இரண்டின் பொருளும் குறைவுபட்டே விளங்குகின்றது.

737ஆம் குறள் இருபுனல், மலை, வருபுனல், அரண் என்பவற்றை நாட்டிற்கு உறுப்பென்கிறது. இருபுனல் என்பதற்குப் பரிமேலழகர் கீழ்நீர், மேல்நீர் எனப் பொருள் கண்டார். மலையினின்று வரும் நீர் தனியே கூறப்படுதலின் இவ்வுரை பொருத்தமானதே. ஆயின், கீழ்நீரும் மேல்நீரும் தம்முள் தொடர்பற்ற இரு செல்வங்கள் என எண்ணுதற்கும் அது இடந்தருகின்றது.

இவ்வெண்ணத்தைச் சோதித்தற்கு ஏற்ற நிலம் வவுனியாவுக்கு வடக்கே, யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியில் அமைந்த ஓமந்தை. அங்கு மலையில்லை, வற்றாத ஆறுமில்லை. வள்ளுவர் கூறிய நீர்வளங்களுள் எஞ்சுவது இருபுனலே. வவுனியாப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1400 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் ஜனவரி வரையான மாரிக்குரியது. மண்ணின்கீழ்ச் சிதைந்த பாறைப்படையும் அதன்கீழ் வன்பாறையும் உள்ளன. சிதைந்த படை பெரும்பாலும் 10 மீற்றருக்கு மேற்படுவதில்லை; அதன்கீழ் நீர் பாறை வெடிப்புக்களில் மட்டுமே தங்கும். பெய்த நீரின் பெரும்பங்கு ஆவியாகியும் மரஞ்செடிகளின் இலைவழியாகவும் வானுக்கே மீள்கின்றது. ஒரு பங்கு ஓடிக் குளத்தில் நிற்கின்றது. சிறுபங்கே மண்ணுட் புகுகின்றது. குளத்து நீரும் அடிவழியே கசிந்து கட்டின் கீழுள்ள கிணறுகளை ஊட்டுகின்றது. குளம் வற்றக் கிணற்று நீர்மட்டமும் தாழும். ஒரு குளத்தின் நீர் வயல்களைக் கடந்து அடுத்த குளத்தை அடையும் ஒழுங்கினைப் புவியியலறிஞர் மத்தும பண்டார 1985இல் தொடர்குளங்கள் என்னும் கருத்தால் விளக்கினார். எனவே மேல்நீர், கீழ்நீர் என்பன ஒரே நீரின் இரு நிலைகளேயாம்.

இத்தெளிவோடு 396ஆம் குறளை நோக்குதல் வேண்டும். தோண்டுமளவுக்குக் கேணி ஊறுதல்போலக் கற்குமளவுக்கு அறிவு ஊறும் என்பது அதன் கருத்து. இதனை வற்றாத ஊற்றின் உவமையாகக் கொள்வாருளர். ஆனால் வள்ளுவர் கேணி என வாளா கூறாது மணலை அடையாக்கினார். முல்லைத்தீவுக் கரையோர மணலில் அவ்வுவமை பொருந்தும். ஓமந்தையிலோ சில மீற்றர் சென்றதும் பாறை தட்டும். மேலும் அகழ்ந்தால் நீர் பெருகும் என்னும் உறுதியில்லை. உவமையை நிலவியல் கொண்டு அளப்பது முறையோ எனின், அடைமொழியே அதற்கு இடந்தருகின்றது எனலாம். மேலும், மணற்கேணியும் நீரைப் படைப்பதில்லை; முன்பெய்த மழையையே மீளத் தருகின்றது. முகில் தான் முகந்ததைத் திருப்பி அளிக்காவிடிற் கடலும் குன்றும் என்பது 17ஆம் குறளின் கருத்து. கடலுக்குரிய நியதி கேணிக்கு இல்லையாகாது. கற்பவனிடத்து ஊறும் அறிவும் முன்னோர் பெய்த மழையே என்னும் பொருள் இவ்வாறு பெறப்படுகின்றது.

இது வெறும் உரைவேறுபாடு அன்று. போருக்குப்பின் ஊர் மீண்டோர்க்குக் கிணறு முதற்றேவையாயிற்று. அதனைக் குறைகூறல் தகாது. ஆயின், குளங்கள் தூர்ந்து கிடக்கக் கிணறுகளை மட்டும் ஆழமாக்குதல், வரவை அடைத்துவிட்டுச் செலவைப் பெருக்குவதாகும். வான்சிறப்பும் மணற்கேணியும் இருபுனலும் வகுப்பறையில் ஒருசேரக் கற்பிக்கப்படுமாயின், மாணவர் குறளோடு தம் ஊர்க் குளத்தையும் கற்றவராவர்.