நல்லவன் நம்பினான்: மனோன்மணீயம் குறித்துச் சில சிந்தனைகள்

எங்கள் வீட்டுப் பேத்தி ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். விழா ஒன்றில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். பாட்டை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் மலையாளம்! திட்டவா முடியும்? பள்ளிக்கூடம் அவளுக்குக் கொடுத்த எழுத்து அது.

"இது எந்த ஊர்ப் பாட்டு, தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"தமிழ்நாட்டுப் பாட்டு, தாத்தா."

"இல்லம்மா, இது நம்ம திருவனந்தபுரத்துப் பாட்டு. இங்கே காலேஜ்ல பாடம் சொல்லிக் கொடுத்த ஒரு வாத்தியார் எழுதின நாடகத்துல முன்னாடி வர்ற வாழ்த்து."

"நாடகமா? அதுல யாரு ஜெயிச்சா?"

சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. மாணவனாக இருந்தபோது படித்தது. ஆகவே மனோன்மணீயத்தை மறுபடியும் எடுத்து, முதல் அங்கத்திலிருந்து ஐந்தாம் அங்கம்வரை நிதானமாகப் படித்தேன். இந்தக் கட்டுரை பேத்திக்குச் சொல்ல வேண்டிய பதில். நமக்குள் பேசிக்கொள்ள வேண்டியதும்கூட.

இரண்டு ஊர்க்காரர்

பெ. சுந்தரம் பிள்ளை 1855ஆம் ஆண்டு ஆலப்புழையில் பிறந்தவர். சிலகாலம் திருநெல்வேலியில் பள்ளித் தலைமை ஏற்றிருந்தார். பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில், அதாவது இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரியில், தத்துவப் பேராசிரியராக விளங்கினார். 1897இல் மறைந்தபோது அவருக்கு வயது 42தான். திருவிதாங்கூர் அரசர்களின் கல்வெட்டுகளை ஆராய்ந்தவர், திருஞானசம்பந்தரின் காலத்தை ஆராய்ந்து எழுதியவர் என்ற பெருமைகள் அவருக்கு உண்டு. ஆனாலும் அவர் பெயரை நிலைநிறுத்தியது 1891இல் வெளிவந்த மனோன்மணீயம் என்னும் நாடகக் காப்பியமே.

மூலக்கதை லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி' என்ற ஆங்கிலக் கதைப்பாட்டு. ஆனால் படிக்கிறவருக்கு வாங்கி வந்த சரக்காகத் தோன்றாது. ஆசிரியர் தாம் வாழ்ந்த இரண்டு ஊர்களையே களமாக்கிக்கொண்டார். பாண்டியன் ஜீவகன் மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் புதுக்கோட்டை கட்டிக்கொண்டு இருக்கிறான். சேரன் புருடோத்தமன் திருவனந்தபுரத்தில் இருக்கிறான். இருவருக்கும் நடுவே கிடப்பது நாஞ்சில் நாடு. எல்லை தாண்டி வாழும் குடும்பத்தாருக்கு இந்த நிலப்படமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

ஜீவகனின் குற்றம் என்ன?

ஜீவகன் கெட்டவன் அல்லன். கொடுங்கோலனும் அல்லன். மகள்மீது உயிரையே வைத்திருக்கிறான். குலகுரு சுந்தர முனிவர் வந்தால் எழுந்து வணங்குகிறான். அப்படியிருந்தும் நாடு அழிவின் விளிம்புக்குப் போகிறது. ஏன்?

அமைச்சன் குடிலனால்தான் என்று சொல்லிவிடலாம். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். தலைநகரை மாற்றச் சொன்னவன் அவன். தன் மகன் பலதேவனுக்கு மனோன்மணியை மணமுடித்து அரசைக் கைப்பற்றத் திட்டமிட்டவனும் அவன். ஆனால் குடிலர்கள் எந்த ஊரில் இல்லை? அவன் கையில் சாவியைக் கொடுத்தவன் யார் என்பதுதான் கேள்வி. கொடுத்தவன் ஜீவகன். காதுக்கு இனிய சொல்லை விசுவாசம் என்று எடுத்துக்கொண்டான். நாராயணன் என்ற உண்மை ஊழியன் வேடிக்கைப் பேச்சிலேயே அபாயத்தைச் சுட்டிக்காட்டுகிறான். அரசன் அதை வெறும் வேடிக்கையாகவே கேட்டுவிட்டுப் போகிறான்.

இன்னும் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். ஜீவகன் முனிவரையும் நம்புகிறான், குடிலனையும் நம்புகிறான். முனிவருக்குக் கிடைப்பது வணக்கம், குடிலனுக்குக் கிடைப்பது காரியம். மகளைச் சேரனுக்குக் கொடுக்கலாம், நடராசனைத் தூது அனுப்பு என்கிறார் முனிவர். அரசன் தலையாட்டுகிறான். தூது போகிறவனோ பலதேவன்! பெரியவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வாசலுக்கு வந்ததும் வேறொருவர் யோசனையைக் கேட்பது நம் வீடுகளிலும் நடக்கிறது, நம் சங்கங்களிலும் நடக்கிறது. பக்தி இருக்கிறது, பின்பற்றுதல் இல்லை.

தலைவனுக்கு நல்ல மனம் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். யாரை நம்புகிறோம் என்று சோதித்துப் பார்ப்பதும் தலைவனின் அறக்கடமை என்று இந்த நாடகம் சொல்கிறது. அந்தச் சோதனையைச் செய்யாத நல்லவன், தீயவன் செய்யும் அளவுக்குக் கேடு செய்துவிடுகிறான். போரில் தன்னைக் காப்பாற்றிய நாராயணனுக்கே அவன் தண்டனை விதிக்கும் இடம் இதற்குச் சாட்சி.

நாஞ்சில் நாடு என்ற சாக்கு

போர் எப்படி மூள்கிறது? கல்யாணப் பேச்சுக்குப் போன தூதன், நாஞ்சில் நாடு எங்களுடையது என்று வழக்குப் பேசுகிறான். குடிலனுக்கு அந்த நாட்டின்மீது அக்கறை ஒன்றும் கிடையாது. சம்பந்தம் முறிய வேண்டும், அதற்கு ஒரு சண்டை வேண்டும். எல்லை கைக்கு எட்டிய சாக்கு.

இதை எழுதியவர் திருவிதாங்கூர் அரசின் சம்பளம் வாங்கிய தமிழர். அவர் காலத்தில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூரில்தான் இருந்தது. நூல் வெளிவந்து 65 ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1 அன்று, அது கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன்பு நடந்த போராட்டமும் உயிர்ப்பலியும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மக்கள் தங்கள் உரிமைக்காகக் கேட்டது வேறு. குடிலன் தன் காரியத்துக்காகக் கிளப்பிவிட்டது வேறு. இரண்டும் வெளியே ஒரே குரலில் பேசும். எது எது என்று பிரித்தறிய, கிளப்புகிறவனுக்கு அதில் என்ன லாபம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஜீவகன் கேட்கவில்லை.

போரில் வென்ற சேரன் சமாதானத்துக்குக் கேட்டது என்ன? ஒரு குடம் தாமிரபரணித் தண்ணீர், ஒரு வேப்பந்தார். அவ்வளவே! அடையாளமாகக் கொடுத்திருந்தால் உயிர்கள் மிஞ்சியிருக்கும். மானம் பெரிது என்று அரசன் மறுக்கிறான். அந்த மானத்துக்கும் தூபம் போடுகிறவன் குடிலனே.

அன்பு எங்கே நிற்கிறது?

இந்த நாடகத்தில் இரண்டு பெண்கள். வாணி நடராசனை விரும்புகிறாள். தந்தை சகடன் பணத்துக்காக அவளைப் பலதேவனுக்குக் கொடுக்கப் பார்க்கிறான். அரசனும் அதற்கு உடன்படுகிறான். வாணி அசையவில்லை. மனோன்மணியோ கனவில் கண்ட புருடோத்தமனை மனத்தில் வைத்துக்கொண்டே, தந்தையின் துயரத்தைப் பார்த்துப் பலதேவனுக்கு மாலையிடச் சம்மதிக்கிறாள். சம்மதிக்கும்போதும் தோழி வாணிக்கு அவள் விரும்பியவனே கிடைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறாள். தனக்கு மூடிய கதவைத் தோழிக்குத் திறந்துவிடுகிறாள். நூலில் என்னை நிறுத்திப் படிக்க வைத்த இடம் இது.

ஆனால் விமர்சனம் என்று உட்கார்ந்த பிறகு குறையையும் சொல்லத்தானே வேண்டும்! மனோன்மணியின் தியாகம் யாருக்கு உதவியிருக்கும்? குடிலனுக்கு. அப்பாவின் தவறான நம்பிக்கைக்கு மகளின் வாழ்க்கையை விலையாகக் கொடுக்கும் இடத்துக்கு ஆசிரியர் கதையைக் கொண்டுவந்துவிட்டார். பிறகு அங்கிருந்து மீட்க, முனிவர் வெட்டிவைத்த சுரங்கம் வேண்டியிருக்கிறது. அரசனைக் காட்டிக்கொடுக்க அந்த வழியைச் சேரனிடம் சொல்லப் போகும் குடிலன், அங்கேயே விலங்கு மாட்டப்படுகிறான். புருடோத்தமன் சுரங்கத்தின் வழியே மணவறைக்கு வந்து நிற்கிறான். மாலை அவன் கழுத்தில் விழுகிறது. கனவில் கண்டவர்கள் நேரில் கண்டுகொள்கிறார்கள்.

அழகான முடிவுதான். இருந்தாலும் ஜீவகன் தானாக எதையும் கண்டுகொள்ளவில்லை என்பது மனத்தில் உறுத்துகிறது. பகைவன் வந்து விலங்கோடு நிறுத்திக் காட்டிய பிறகே அவன் கண் திறக்கிறது. நம்பிக்கையால் விளைந்த கேட்டைக் காதலால் தீர்த்துவைத்துவிட்டார் ஆசிரியர். தலைவன் திருந்தினானா என்ற கணக்கை முடிக்காமலே திரை விழுகிறது. ஜீவகன் என்பது உயிர், குடிலன் அதை மயக்கும் மாயை, முனிவர் குருவருள் என்று சைவ சித்தாந்த நோக்கில் பொருள் சொல்வோர் உண்டு. அந்த உருவகத்தில் இந்தக் குறை மறைந்துவிடும். உயிர் அருளால்தான் கரையேறும் என்று சொல்லிவிடலாம். மனிதர் கதையாகப் படிக்கிறவருக்கு அது போதாது.

நாடகத்துக்கு வெளியே

அந்தக் கணக்கின் மீதியை நான் நம் ஊரிலேயே பார்க்கிறேன். சுந்தரம் பிள்ளை தம் ஆசிரியர் ஹார்வியிடம் கொண்ட அன்பால் நூலை அவருக்குக் காணிக்கையாக்கினார். பேரூர்க்கடையில் இருந்த தம் இருப்பிடத்துக்கு ஹார்விபுரம் என்றே பெயர் வைத்தார். நூல் வந்த அதே 1891இல் பிறந்த அவர் மகன் பி.எஸ். நடராஜ பிள்ளை சுதந்திரப் போராட்டத்தில் இறங்கினார். திவான் ஆட்சி ஹார்விபுரத்தைப் பறிமுதல் செய்தது. பின்னாளில் அவர் திரு-கொச்சியின் நிதியமைச்சரானார். 1954இல் நிலச் சீர்திருத்த மசோதாக்களைச் சபையில் வைத்தார். தன் நிலத்தை இழந்தவர், பிறருக்கு நிலம் கிடைக்கச் சட்டம் கொண்டுவந்தார். 1962இல் திருவனந்தபுரத்தார் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். இங்கே தமிழ் பேசும் வீட்டில் பிறந்தவரை மலையாளம் பேசும் மக்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை சோதித்துப் பார்த்து வைத்த நம்பிக்கை. இன்று பேரூர்க்கடையில் ஒரு அரசுப் பள்ளிக்கு அவர் பெயர் இருக்கிறது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகிற நம்மில் எத்தனை பேர் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்திருப்போம்?

தமிழக அரசு 1970இல் நாடகத்தின் வாழ்த்துப் பகுதியை அரசு விழாக்களுக்கு உரியதாக்கியது. 2021இல் மாநிலப் பாடல் என்று அறிவித்தது. எழுந்து நிற்கிறோம், பாடுகிறோம், உட்கார்ந்துவிடுகிறோம். வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வீட்டுக்குள் போகாமல் திரும்பிவிடுகிறோம். முனிவரை வணங்கிவிட்டு அவர் சொன்னதைக் கேளாத ஜீவகனுக்கும் நமக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பேத்திக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு களம் வாசித்துக் காட்டுகிறேன். மொத்தம் இருபது களங்கள். கடினமான சொல் வந்தால் மலையாளத்தில் பொருள் சொல்கிறேன். பல சொற்கள் அவளுக்கு அங்கேயே தெரிந்திருக்கின்றன. போன வாரம் நாராயணன் பேச்சைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு, "இவ்வளவு சொல்றானே, ராஜாவுக்கு ஏன் தாத்தா புரியல?" என்றாள்.

யார் ஜெயித்தார்கள் என்ற கேள்வியை அவள் மறந்துவிட்டாள். இந்தக் கேள்வி அதைவிட நல்ல கேள்வி. தமிழ் எழுத்தும் கற்றுக்கொண்டு வருகிறாள். கடைசிக் களத்தை அவளே வாசிக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.