டிஸ்ப்ரோசியத்தின் பொறுமை

யூரோப்பியத்துக்கும் டெர்பியத்துக்கும் கூட்டம் சேர்வதில் வியப்பில்லை. புற ஊதா டார்ச்சைக் காட்டினால் யூரோப்பியம் சல்பேட் சிவக்கும், டெர்பியம் சல்பேட் பச்சை கக்கும். சேலம் அஸ்தம்பட்டியில் மாலை நடையில் சேரும் எங்கள் வேதியியல் வாத்தியார் கூட்டத்தில் பெரும்பாலோர் யூரோப்பியம் கட்சி. அந்த 615 நானோமீட்டர்க் கோட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஏற்காடு பஸ் போவதுகூடக் காதில் விழாது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் டார்ச்சை அணைத்த கையோடு ஆட்டமும் முடிந்துவிடுகிறதே! போதாக்குறைக்கு, எட்டு நீரைக் கட்டிக்கொண்டிருக்கும் அந்தப் படிகத்தில் ஒளியின் ஒரு பங்கைத் தண்ணீரே விழுங்கிவிடுகிறது.

என் ஓட்டு, கால்சியம் சல்பேட்டுக்குள் ஒளிந்திருக்கும் டிஸ்ப்ரோசியத்துக்கு. ஆயிரம் கால்சியத்துக்கு ஒன்று இருந்தாலே போதும். கதிர் பட்டதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வாய் திறக்காது. சுமார் 220 டிகிரிக்குச் சூடேற்றினால்தான் 480இல் நீலமும் 570ஐ ஒட்டி மஞ்சளுமாக எல்லாவற்றையும் கொட்டும். மாங்கனீசு போட்ட பழைய கால்சியம் சல்பேட்டுக்கு இந்தப் பொறுமை கிடையாது. அதன் ஒளிர்வு உச்சி 90 டிகிரியை ஒட்டியே வந்துவிடும். அறை வெப்பத்திலேயே ஒரு நாளில் பாதியளவு கசிந்து போகும். ஜப்பானில் மட்சுஷிட்டா நிறுவனத்தின் யமாஷிட்டா குழுவினர் டிஸ்ப்ரோசியத்தையும் துலியத்தையும் போட்டுப் பார்த்து 1971இல் எழுதிய கட்டுரைதான் ஆட்டத்தை மாற்றியது. துலியத்தின் நீலத்துக்கும் ரசிகர்கள் உண்டு. எனக்கு அது ஒற்றைச் சுருதி.

லித்தியம் ஃப்ளோரைடு அன்பர்கள் உடனே கை தூக்குவார்கள்: "எங்களது உடல் தசையைப் போலவே கதிரை வாங்கும், உங்களதோ குறைந்த ஆற்றல் எக்ஸ்ரேயைப் பத்து மடங்கு வரை மிகைப்படுத்தும்." உண்மை. ஆனால் அவர்களுடையதைப் போல ஏறத்தாழ 30 மடங்கு உணர்திறனும் இதற்குத்தானே இருக்கிறது? அந்த மிகையையே பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். டெஃப்லானில் பதித்த மூன்று வில்லைகள். ஒன்றுக்கு மேல் செம்பும் அலுமினியமும், இன்னொன்றுக்கு மேல் பெர்ஸ்பெக்ஸ், மூன்றாவது திறந்தபடி. மூன்றும் சொல்லும் கணக்கு வேறுபடுவதிலிருந்தே வந்தது என்ன கதிர் என்று தெரிந்துவிடும். கதிரோடு வேலை செய்வோர் வாங்கும் அளவைக் கணக்கிட, 1975 முதல் நம் நாட்டில் ஃபிலிம் பேட்ஜின் இடத்துக்கு வந்தது இதுதான்.

இந்தத் தூளின் செய்முறையில் சுவை அமிலத்தில் இருக்கிறது. சூடான அடர் கந்தக அமிலத்தில் ஜிப்சத்தையும் டிஸ்ப்ரோசியம் ஆக்சைடையும் கரைத்து, 300 டிகிரியை ஒட்டி அமிலத்தை மெல்ல மெல்ல ஆவியாக்க வேண்டும். நீரில்லாத சின்னச் சின்னப் படிகங்கள் அடியில் விளையும். கழுவி, உலர்த்தி, இடித்து, சலித்து, 700 டிகிரியில் வாட்டினால் ஆயிற்று. இடிப்பதில்தான் கைப்பக்குவம்: ரவைப் பதத்தில் நிறுத்த வேண்டும். மாவாக்கினால் ஒளி குறையும்.

இப்போது யாருக்கு அந்தப் பொறுமை? அமிலத்தோடு மல்லுக்கட்டாமல் வீழ்படிவாக்கி, நானோ என்று பெயர் வைத்து, ஒரு வளைகோட்டை வரைந்து கட்டுரையாக்கிவிடுகிறார்கள். படிகம் எப்படி விளைந்தது என்று கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள். காமா கதிரை நிறைய வாங்கிய தூளை ஓர் ஆய்வுக்கூடத்தில் விளக்கணைத்துச் சூட்டுத்தட்டில் தூவியதை நான் பார்த்திருக்கிறேன். வெளிர்மஞ்சளாகப் பொங்கி, அப்படியே அவிந்தது. அதே தூளை மறுபடி சுட்டபோது ஒன்றுமில்லை. அதற்கப்புறம் எந்த யூரோப்பியமும் என்னை அசைக்கவில்லை.

எங்கள் எடப்பாடிப் பக்கம் பக்கநாட்டுப் பாறையில் இந்த அருமண் தனிமங்களின் தாதுவான மோனசைட் இருக்கிறது என்று பெருமை பேசுவோருக்கு ஒரு வார்த்தை: மோனசைட்டில் சீரியமும் லாந்தனமும் நியோடிமியமும்தான் மிகுதி, டிஸ்ப்ரோசியம் சொற்பம். சேலத்தில் அதைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், எக்ஸ்ரே எடுப்பவரின் நெஞ்சில் தொங்கும் டி.எல்.டி. (வெப்ப ஒளிர்வுக் கதிரளவி) பேட்ஜுக்குள்.

தொங்கினால்தானே! ஓர் எக்ஸ்ரே அறையில் அது சுவர் ஆணியில் மாட்டியிருந்தது. கேட்டால், "தொலைஞ்சு போயிரும் சார், அதான் இங்கயே வெச்சிட்டேன்" என்கிறார் தம்பி. ஆள் வீட்டுக்குப் போனாலும் பேட்ஜ் அங்கேயே கதிரை வாங்கிக்கொண்டிருக்கும். மூன்று மாதம் கழித்துப் படிக்கும்போது வருவது சுவர் வாங்கிய கணக்கு. ஆண்டுக்கு சராசரி 20 மில்லிசீவர்ட் என்ற வரம்பை அதை வைத்து எப்படிச் சரிபார்ப்பது?

எக்ஸ்ரே அறைத் தம்பிமாரே, தங்கைமாரே: அதை நெஞ்சில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்தால் கழற்றிக் கதிர் படாத இடத்தில் வையுங்கள். சட்டையோடு சேர்த்துத் துவைக்கப் போட்டுவிடாதீர்கள்.